மணிக்கூண்டுப் பின்தெரு

லூதியானா
9.1.1967

அமராவதிக்கு,

நான் சௌகரியம். நீயும் அத்தையும் சௌகரியமா? வேளைக்குச் சாப்பிடு.

மணிக்கூண்டுக்குப் பின்தெருவுக்கு அறை மாற்றிவிட்டேன். இங்கே சத்தமே இல்லை, மணியோசை மட்டும்தான். பழைய அறைக்குப் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை ஓயாமல் அழுதது.

வாங்க வந்த புதுப் பின்னல் மெஷினை நேற்று ஓட்டிப் பார்த்தேன். நம் வழக்கப்படி முதல் துணியில் குழந்தை பனியன் வெட்ட ஆரம்பித்துவிட்டேன். கூட வந்த நஞ்சப்பன், "ஏனுங்க, இது ஆருக்குங்க?" என்றான். கத்தரியைக் கீழே வைத்தேன். நம் பையன் போய் மூன்று மாதம் ஆனது கைக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு அழாதே, உடம்புக்கு ஆகாது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இங்கே குளிர் தாங்கவில்லை. தொட்டில் கட்டிய சேலையை அனுப்பு, போர்த்திக்கொள்கிறேன். துவைக்க வேண்டாம்.

தண்டாயுதபாணி