ரிக்‌ஷா சங்கிலி

ஏரிக்கரைத் தெரு,
தாம்பரம் பக்கம்.
14-6-1997

என்றும் மறவாத கம்பவுண்டர் எலியேசர் அண்ணனுக்கு,

ரிக்‌ஷா குப்பன் கும்பிட்டுச் சொல்ல, பக்கத்து வூட்டு செல்வமேரி எழுதுவது. திருச்சியில் மகள் வூட்டில் நீங்க சுகமா இருக்கணும்.

இங்கே சுகம் இல்லை அண்ணா. போன திங்கக்கிழமை என் வூட்டுக்காரி தனம் செத்துப்போயிட்டா. காலையில வாந்தி, பேதி. அரிசி கழுவின தண்ணி மாதிரி போச்சு. பொழுது சாயறதுக்குள்ள கண்ணு குழிஞ்சி, கை சில்லிட்டு, முடிஞ்சிபோச்சு. தெருவுல இன்னும் ஏழு வூட்ல இதே சீக்கு. எழுதற செல்வமேரியோட சின்னப் பொண்ணுக்கும் நேத்துலேர்ந்து போகுது.

எண்பத்து நாலுல இதே சீக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆடி மாசம், வெள்ளிக்கிழமை. அரிகிருஷ்ணன் டாக்டரையும் உங்களையும் வண்டியில வச்சி வூடு வூடா மிதிச்சேன். எங்க தண்ணி புடிக்கிறீங்கன்னுதான் டாக்டர் கேட்டார், வேற ஒண்ணும் கேக்கலை. பதினோரு வூடும் கோயில் பம்புன்னு சொல்லுச்சு. என் ரிக்‌ஷா சங்கிலியை வாங்கி பம்புக் கைப்பிடியில சுத்திப் பூட்டினார். பஞ்சாயத்துத் தலைவர் சத்தம் போட்டப்போ, "பொணத்தை எண்றதுக்கு நீ வர்றியா?" அப்படின்னார். அந்த ஆள் திரும்பிப் பாக்காம போனான்.

டாக்டர் என்னை எவ்வளவு திட்டியிருப்பார். பீடிக்குத் திட்டு, செருப்பில்லாம நடந்தா திட்டு. தண்ணி காய்ச்சலைன்னு தனத்தை அழவே வச்சார். போன வருசம் அவர் எலக்‌ஷன்ல நின்னப்போ, அந்தப் பூட்டை நெனச்சித்தான் தெருவே ஓட்டு போட்டுது. சேர்மன் ஆனார். புது டாங்க் கட்டி அவர் பேரைக் கல்லுல வெட்டி வச்சாங்க. ரெண்டு மாசமா அந்தத் தண்ணிதான் குடிக்கிறோம்.

தனம் செத்த அன்னிக்கு அவரே கார்ல வந்தார். இனி கவலை இல்லைன்னு நெனச்சேன். அவ கையைத் தொட்டுப் பாத்தார், துணியைப் பாத்தார். டாங்க் குழாய் சாக்கடைக்குள்ள ஓடற எடத்தைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பாத்துகினே நின்னார். அப்புறம் ரெண்டு கையும் கூப்பி, "குப்பன் ஐயா, வயசாயிடுச்சி இல்லையா, மாரடைப்பு. மனசைத் தேத்திக்குங்க" அப்படின்னார்.

ஐயாவாம். முப்பது வருசத்துல ஒரு தரம் அப்படிக் கூப்பிட்டதில்லை. பொண்டாட்டி செத்ததைவிட அதுலதான் நான் அதிகமா பயந்துட்டேன். இதைத் தனம் மன்னிக்கணும்.

கூட வந்தவன் ஒரு பேப்பர் நீட்டினான். டாக்டர் தலையாட்டினார். அவர் சொல்லி நான் எதைச் செய்யாம இருந்தேன்? ரேகை வச்சேன். நேத்து அதே பேப்பரை டாங்க் சுவத்துல ஒட்டியிருந்தாங்க. செல்வமேரி படிச்சிச் சொன்னா. தெருவுல வாந்தி பேதி கிடையாது, தண்ணி சுத்தமா இருக்குதுன்னு நானே சொன்னதா எழுதி, கீழே என் பெருவிரல்.

தண்ணி தெறந்து வுடற சக்கரத்துல அதே சங்கிலியைச் சுத்திப் பூட்டிட்டேன். அங்கேயே உக்காந்துதான் இதைச் சொல்லிகினு இருக்கேன். பொம்பளைங்க குடத்தோட நின்னு என்னைத் திட்டுறாங்க, கெழவனுக்குப் புத்தி பேதலிச்சிபோச்சாம். ஆபீஸ் ஆளுங்க போலீசோட வர்றதா சொல்லிட்டுப் போயிருக்காங்க.

அண்ணா, கடுதாசி கெடைச்சதும் டாக்டருக்கு எஸ்.டி.டி. போன் போடுங்க. உங்க வார்த்தையை அவர் தட்டினதில்லை. சாவி என் மடியிலதான் இருக்குது. போலீசுக்குத் தர மாட்டேன். அவர் காரை வுட்டு எறங்கி வந்து, "அறிவிருக்கா உனக்கு, குப்பா" அப்படின்னு பழையபடி திட்டிக் கேட்டா, அந்த நிமிசமே குடுத்துடுவேன்.

செல்வமேரி பொண்ணுக்காக ஜெபம் பண்ணுங்க. தனத்துக்காகவும்.

ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு இந்த ரேகையை வைக்கிற,
ரிக்‌ஷா குப்பன்