143ஆம் பக்கத்துப் பணியாளர்

அனுப்புநர்:
முனைவர் பட்ட ஆய்வு மாணவி,
பொது நிர்வாகத் துறை (பதிவு எண் 27),
பல்கலைக்கழக மகளிர் விடுதி, அறை எண் 31.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தபால் பிரிவு முதுநிலை எழுத்தர் மீதான ஒழுங்கு நடவடிக்கை – எனது ஆய்வேட்டின் 143ஆம் பக்கம் அவருக்கு எதிரான ஆவணமாக வைக்கப்பட்டிருப்பது – வரும் செவ்வாய்க்கிழமை விசாரணையில் என்னைச் சாட்சியாக அழைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது ஆய்வுக்குத் தாங்கள் வழங்கிய அனுமதிக் கடிதம். 2. மேற்படி எழுத்தரின் பணியிடை நீக்க உத்தரவு. 3. விசாரணை அதிகாரி எனக்கு அனுப்பிய பதில், நாள் 6.3.

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு,

1. பொதுமக்கள் கொடுக்கும் மனுக்கள் உள்ளாட்சி அலுவலகங்களில் என்ன ஆகின்றன என்பது எனது ஆய்வுத் தலைப்பு. தங்கள் அனுமதியின் பேரில் தங்கள் அலுவலகத் தபால் பிரிவில் ஏழு மாதங்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். முதல் நாள் நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துத் தாங்களே ஒரு நாற்காலிக்குச் சொல்லி அனுப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை. இம்மனுவில் எங்காவது காரம் தெரிந்தால் அது நன்றி கெட்டதனத்தால் வந்ததல்ல, பயத்தால் வந்தது என்று கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

2. தாங்கள் அறிந்ததை மீண்டும் சொல்வதற்கு மன்னிக்கவும். விசாரணைக் கோப்பில் இது இல்லாததால் சொல்கிறேன். தங்கள் அலுவலகத்தில் எந்த மனுவும் பதினைந்து நாளுக்குள் முடிக்கப்பட வேண்டும். முடியாதது கணினித் திரையில் சிவப்பாகத் தெரியும். திங்கட்கிழமை ஆய்வுக் கூட்டத்தில் யார் பெயருக்கு எதிரே சிவப்பு இருக்கிறதோ அவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நல்ல நோக்கத்தில் கொண்டுவந்த விதி. ஆனால் எழுந்து நிற்க யாருக்கும் பிரியமில்லை. எனவே பதினான்காம் நாள் பிற்பகலில் பொறியியல், குடிநீர், சுகாதாரம் என எல்லாப் பிரிவுகளிலிருந்தும் மனுக்கள் தபால் பிரிவுக்குத் திரும்பி வரும். அவற்றின் மேல் “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று எழுதியிருக்கும். என்ன நடவடிக்கை என்று எழுதியிருக்காது. மனுதாரருக்குப் பதில் கடிதம் அனுப்பிவிட்டு மனுவை முடித்து வைப்பது தபால் பிரிவின் வேலை.

3. அந்தப் பிரிவின் முதுநிலை எழுத்தரை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் தபாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட ஒரு வயது மூத்த ஜீப் ஓட்டுநரும் அப்படித்தான். தபாலக்கா பதில் கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் மனுதாரரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வேலை நடந்ததா என்று கேட்பார். நடந்திருந்தால் கடிதம் போகும். நடக்கவில்லை என்றால், உங்கள் பெயரில் மறுபடி பதிவு செய்யட்டுமா என்று கேட்பார். சரி என்றால் விதிப்படி பழைய எண்ணை முடித்துவிட்டு, அதே மனுவைப் புது எண்ணில் பதிவு செய்து அதே பிரிவுக்கே திருப்பி அனுப்புவார். அங்கே அது மறுபடி பதினைந்து நாள் மேசை மேல் உட்கார்ந்திருக்கும். அலுவலகத்தில் இதற்குப் ‘பிறவி’ என்று பெயர். “இது எத்தனாவது பிறவிக்கா?” என்று கேட்டுக்கொண்டேதான் பொறியியல் பிரிவு உதவியாளர் கையெழுத்துப் போட்டு வாங்குவார். ஆக, இது காதும் காதும் வைத்தாற்போல் நடந்த காரியம் அல்ல. பொறியாளர்கள் முதல் காவலாளி வரை எல்லோரும் அறிந்தது.

4. ஒரு தையற்காரரின் மனுவைச் சொல்கிறேன். அவர் தெருக் குழாயில் சாக்கடை நாற்றம் வந்தது. அந்த மனு பதினொரு பிறவி எடுத்தது. பத்து முறை “நடவடிக்கை எடுக்கப்பட்டது”. பதினோராவது முறை புதிதாக மாற்றலாகி வந்த இளம் பொறியாளரிடம் போனது. அவருக்கு இந்தப் பழக்கமெல்லாம் இன்னும் பிடிபடவில்லை போலும். நேரே போய்த் தோண்டிப் பார்த்துவிட்டார். உடைந்திருந்த குழாய் மூன்று நாளில் மாற்றப்பட்டது. நான் இருந்த ஏழு மாதங்களில் இவ்வாறு மறுபடி பதிவான மனுக்கள் 340. அவற்றில் இன்றுவரை உண்மையாகவே வேலை முடிந்தவை 128. இந்த 128 வேலைகளும் தங்கள் ஆண்டறிக்கையில் சாதனையாக இடம்பெற்றுள்ளன. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேலை நடந்ததே போதும்.

5. இனி எனது குற்றத்துக்கு வருகிறேன். பேட்டி கொடுத்த முப்பத்தொரு பணியாளர்களுக்கும் நான் ஒரு தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தேன்: “தங்கள் பெயரோ அடையாளமோ எங்கும் வெளியிடப்படாது.” அதன்படி ஆய்வேட்டில் பெயர்களை நீக்கி எண்களை இட்டேன். தபாலக்கா பணியாளர் எண் 9. பிறகு ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர், பேட்டி கொடுத்தவர்களைப் பற்றிய விவரம் போதவில்லை என்று எழுதினார். எனது நெறியாளர் ஒரு அட்டவணை சேர்க்கச் சொன்னார். பிரிவு, பாலினம், பணி ஆண்டுகள் என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையை அரை நாளில் போட்டு 143ஆம் பக்கத்தில் ஒட்டினேன். “பணியாளர் 9: தபால் பிரிவு, பெண், 26 ஆண்டுகள்.” தங்கள் தபால் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் நால்வர். அவர்களில் பெண் ஒருவர். ஏழு மாதம் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு இது உறைக்கவில்லை. உள்ளாட்சி நிர்வாகத்தை நுணுகி ஆராய்ந்தவள் என்று பட்டம் வாங்க இருந்தவள் நான்.

6. ஆய்வேட்டின் பிரதி ஒன்றைத் தங்கள் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்தின் நிபந்தனை. கொடுத்தேன். தாங்கள் அதற்கும் மேலே போய், பணியாளர்கள் முன்னிலையில் முடிவுகளைப் பேசச் சொல்லிக் கூட்ட அரங்கையும் ஒதுக்கித் தந்தீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பணியாளர் 9 பேட்டியில் சொன்னதைத் திரையில் போட்டு உரக்க வாசித்தேன்: “மனு செத்துப்போச்சுன்னா அந்த ஆளு மறுபடி இந்தப் படியேறி வரமாட்டாரு. அதனாலதான் நான் சாக விடறதில்ல.” எனது ஆய்விலேயே சிறந்த வாக்கியம் அதுதான், கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். அதற்குக் கீழேயே அட்டவணை இருந்தது. நான் வாசித்து முடிப்பதற்குள் முன்வரிசையில் மூன்று தலைகள் திரும்பின. பிறகு அரங்கமே கடைசி வரிசை ஜன்னலோரம் பார்த்தது. அங்கே அவர் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, ஏதோ குறித்துக்கொண்டீர்கள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

7. ஒன்பதாம் நாள் பணியிடை நீக்க உத்தரவு வந்தது. குற்றச்சாட்டுகள் மூன்று: மனுதாரர் சம்மதம் இல்லாமல் மனுக்களைப் பதிவு செய்தது, மனுக்களின் எண்ணிக்கையைப் பொய்யாக உயர்த்திக் காட்டியது, அலுவலகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியது. பணியாளர் 9 நீங்கள்தானா என்று கேட்டதற்கு, ஆம் என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மறுத்திருக்கலாம். இருபத்தாறு ஆண்டுகளாக மற்றவர்களின் பொய்ப் பதில்களை உறையில் போட்டுக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒன்று சொல்ல வரவில்லை போலும். ஓய்வுபெற அவருக்குப் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன. விசாரணையின் முடிவு பணிநீக்கமாகவும் இருக்கலாம் என்று உத்தரவிலேயே உள்ளது.

8. செய்தி கேட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். பேருந்து ஓட்டுநரான அவர் கணவர் கதவைத் திறந்துவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளே போனார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் தயார் செய்துகொண்டு போயிருந்த மன்னிப்பைப் பாதிதான் சொன்னேன். அதற்குள் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பேரு எழுத மாட்டேன்னு சொன்னே. எழுதல. பேரத் தவிர எல்லாத்தையும் எழுதிட்டே.” பிறகு, தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

9. முதல் குற்றச்சாட்டு உண்மைக்கு மாறானது என்பதற்கு என்னிடம் சான்று உள்ளது. அவர் மனுதாரர்களிடம் தொலைபேசியில் பேசியபோதெல்லாம் நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். எந்த நாள், எந்த மனு, மனுதாரர் சம்மதித்தாரா, என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றையும் கள நோட்டில் எழுதியிருக்கிறேன். 340 மனுக்களுக்கும் பதிவு உண்டு. வேண்டாம் என்று சொன்ன பதினேழு பேரின் மனுக்களை அவர் மறுபடி பதிவு செய்யவில்லை என்பதற்கும் பதிவு உண்டு. இதை எழுதி, சாட்சி சொல்ல அனுமதி கேட்டதற்கு விசாரணை அதிகாரி அனுப்பிய பதில் பார்வை 3-இல் உள்ளது: நான் அலுவலகத்துக்கு வெளியாள், ஆய்வு மாணவியின் குறிப்புகள் ஆவணமாகா. ஐயா, அந்தக் குறிப்புகளிலிருந்துதான் 143ஆம் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் அவருக்கு எதிரான முதல் ஆவணமாகக் கோப்பில் நூல் கோத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அவரைக் காட்டிக்கொடுக்க எனது எழுத்து போதுமென்றால், அவருக்காகப் பேசவும் அதே எழுத்து போதுமாக இருக்க வேண்டும். இதில் என்ன விதி இடிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இதைத்தான் ஐந்து ஆண்டுகள் படித்தேன்.

10. குறிப்புகளைத் தாக்கல் செய்ய இம்முறை அவருடைய ஒப்புதலை முறையாகக் கேட்டேன். மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கும் வரிகளை நீக்கிவிட்டு, அவர் தொடர்பான அறுபத்திரண்டு பக்கங்களை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்த்த பக்கங்கள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் எல்லாவற்றையும் படித்தார். பென்சிலால் மூன்று இடங்களில் அடித்தார். முதலாவது ஜீப் ஓட்டுநரை அடையாளம் காட்டக்கூடியது. மற்ற இரண்டும் அந்தப் புதுப் பொறியாளரை. மூன்றுமே என் கண்ணில் படாதவை. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. இந்தப் பொறியாளரைப் பற்றி நான்காம் பத்தியில் இளம் என்றும் புதிது என்றும் நானே மறுபடி எழுதியிருப்பது இந்த இடத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் அந்தத் தெருவில் வேலை செய்தவர் யார் என்பது தங்கள் அலுவலகக் கோப்பிலேயே உள்ளது என்பதாலும், அவர் செய்தது தோண்டிப் பார்த்தது மட்டுமே என்பதாலும், அவரிடம் நேரில் கேட்டுச் சம்மதம் பெற்ற பின்பே விட்டு வைத்திருக்கிறேன்.

11. இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரக் கடமைப்பட்டிருக்கிறேன். தபாலக்கா வெளியேறியபோது அந்த 340-இல் மீதம் 212 மனுக்கள் இன்னும் சுற்றில் இருந்தன. அவர் இடத்துக்கு வந்தவர் விதிப்படி நடப்பவர். பதினைந்தாம் நாளோடு அவை அனைத்தும் முடிக்கப்பட்டன. சென்ற மாதத் தீர்வு விகிதம் நூறு விழுக்காடு என்று நுழைவாயில் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்தேன். பலகைக்கு எதிரே, சாக்கடை மூடி இல்லாத இடத்தில் யாரோ மரக்கிளை ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார்கள். அந்த மூடிக்கான மனுவும் அந்த 212-இல் ஒன்று. இதைச் சொல்வது தங்களைக் குத்திக்காட்ட அல்ல. தங்களிடம் இப்போது இருக்கும் நூறு விழுக்காட்டைவிட, அவர் இருந்தபோது இருந்த கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது என்பதற்காக.

12. எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது: 143ஆம் பக்கத்தைக் கோப்பில் வைப்பதானால், அத்துடன் இணைத்துள்ள அறுபத்திரண்டு பக்கங்களையும் வைக்க உத்தரவிட வேண்டும். அந்த 212 மனுக்களையும் மீண்டும் திறக்க வேண்டும். அடையாளத்தை வெளியிட்ட பிழை என்னுடையது. அதற்காகத் தாங்களோ பல்கலைக்கழகமோ எந்த நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். அதை அவர் தலையில் கட்ட வேண்டாம்.

13. எல்லாவற்றுக்கும் மேலாக, என்னைச் சாட்சியாக அழைக்க வேண்டும். விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதே நாள், அதே நேரம் பல்கலைக்கழகத்தில் எனது வாய்மொழித் தேர்வு. ஐந்து ஆண்டுப் படிப்பின் கடைசிப் படி அது. தவறவிட்டால் மறுதேதி எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நெறியாளர் நல்லவர், யோசித்துச் செய், உன்னை அங்கே கூப்பிடவே போவதில்லை என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். இருந்தாலும் தேர்வுக்கு வர இயலாது என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணியிலிருந்து விசாரணை அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் இருப்பேன். ஐயா, தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள்.

நாள்: 9.3.
இடம்: பல்கலைக்கழக நூலகம், இரண்டாம் தளம்.

தங்கள் அழைப்பை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஆய்வு மாணவி, பதிவு எண் 27.

இணைப்பு: கள நோட்டுப் பக்கங்கள் 62, எழுத்தரின் கையொப்பத்துடன்.
நகல்: விசாரணை அதிகாரி, எனது நெறியாளர்.