மந்திரித்த மண்

ஜூன் 9, திங்கள்

உறையூரில் மூடிக் கிடக்கும் குரோம் முலாம் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் பங்குக் கோயில்காரர்கள் அந்த இடத்தை வாங்கி நர்சரி ஸ்கூல் கட்டப்போகிறார்கள். நன்கொடை தருகிறவர்கள் மண்ணில் நஞ்சு இல்லை என்று சான்று கேட்டதால் எங்கள் மண் ஆய்வு ஆபீசுக்கு வேலை வந்திருக்கிறது. முலாம் தொட்டி இருந்த மூலையில் தரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. ஒரு புல் இல்லை.

கட்டடக் குழுத் தலைவர் செபஸ்தியான், "வெறும் துருதான் மேடம்" என்றார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலம் முழுக்க இரும்போடு இருந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? சனிக்கிழமை மண் எடுக்க வருகிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்றேன். நன்றாகத் தலையாட்டினார்.

ஜூன் 14, சனி

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மஞ்சள் மூலையைக் காணோம்! மருங்காபுரியிலிருந்து லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து, இரண்டடி உயரத்துக்குக் கொட்டி, ரோலர் விட்டு வைத்திருக்கிறார்கள். நேற்று அந்தோனியார் திருநாள். ஃபாதரை அழைத்து, தீர்த்தம் தெளித்து இடத்தை மந்திரித்து, அடிக்கல்லும் வைத்தாயிற்று. பந்தல்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"நீங்க வர்றீங்கன்னுதான் மேடம் சுத்தம் பண்ணி வெச்சோம்." சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை. மண்ணைச் சோதிக்க வருகிறவளுக்காக மண்ணையே மாத்தி வைப்பாங்களா? நான் யார்கிட்ட போய் அழறது?

தோண்ட வேண்டும் என்றேன். மந்திரித்த மண்ணில் கடப்பாரை விழக்கூடாதாம். கேசரி கொடுத்து அனுப்பினார்கள்.

ஜூன் 16, திங்கள்

ஆபீசில் அதைவிடக் கூத்து. மேலே இருப்பதும் மண்தானே, அதையே சோதித்துக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் மேனேஜர் ஹரிபிரசாத். தாராளமாகக் கொடுக்கலாம், நர்சரியை மருங்காபுரியில் கட்டுவதாக இருந்தால்.

தரையில் உட்கார்ந்து, மண்ணில் விளையாடி, அந்தக் கையை வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகள். அது இந்த ஊரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லையா?

ஜூன் 18, புதன்

செபஸ்தியான் போனை எடுக்கவில்லை. போங்கய்யா.

ஜூன் 20, வெள்ளி

பொறுக்க முடியாமல் நேராக ஃபாதர் மார்ட்டினிடமே போய்விட்டேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் காபி கொடுத்து முழுதும் கேட்டார்.

"நான் மந்திரிச்சது பிள்ளைங்களுக்காகம்மா. தோண்டுங்க."

இவ்வளவுதான். இதற்கா ஒரு வாரம்?

ஜூன் 23, திங்கள்

செம்மண்ணைத் தாண்டியதும் மஞ்சள். கீழே போகப் போக இன்னும் மஞ்சள். ஆள் ஆழத்தில் ஊறிய தண்ணீரும் மஞ்சள். குரோமியத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மண்ணும் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன்.

செபஸ்தியானிடம் கேட்க எத்தனையோ கேள்விகளை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். துருவா சார் இது என்பது முதல் கேள்வி. அவர் குழியைப் பார்த்தபடியே நின்றார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, கிட்டே வந்தார்.

"எங்க வீட்டு போர் தண்ணியிலயும் ஒரு பாட்டில் எடுத்துக்கிறீங்களாம்மா?"

வீடு எங்கே என்றேன். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். மகளும் பேத்தியும் அவரோடுதான் இருக்கிறார்களாம். குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

அதிலும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை செபஸ்தியான் போன். ரிசல்ட் வந்ததா? வரவில்லை. நர்சரிக்கு வேறு இடம் பார்க்கக் குழுவில் அவரே சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. பட்டறை மண் நான் நினைத்தபடியேதான். செபஸ்தியான் வீட்டுத் தண்ணீரில் குரோமியத்தின் அளவைப் பார்த்துவிட்டு லேபுக்குப் போன் போட்டேன். பாட்டில் மாறியிருக்குமோ, இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். பார்த்தார்கள். மாறவில்லை.

போனில் சொல்கிற விஷயம் இல்லை. ஸ்கூட்டியில் ஒரு தண்ணீர் கேன் ஏற்றியிருக்கிறேன். உறையூருக்குக் கிளம்புகிறேன்.