சமையல் மேடை ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்

செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பதினேழு. கீழ்வீட்டு ஆன்ட்டி கூப்பிட்ட நேரம் அது. மீட்டிங்கில் இருந்ததால் முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தபோது, "தம்பி, உன் பொண்டாட்டி படியில விழுந்துட்டா, கூப்பிட்டா பேச மாட்டேங்கறா" என்றார். ஃப்ரீவேயில் நான் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டிருந்தாய்.

ஐந்து வாரம் ஆகிறது. இன்று சமையல் மேடையைத் துடைக்கும்போது ஓரத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஒரு டேப் துண்டு. உன் மூக்குக்கண்ணாடியின் இடது பக்கத்து அளவுக்கு வெட்டியது. மறுபடி உரித்து ஒட்டிக்கொள்ள வசதியாக ஒரு மூலையை மடித்து வைத்திருக்கிறாய்.

எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்த அன்று நீ பயப்படவில்லை. "உன்ன மாதிரியே இன்னொருத்தன் பக்கத்துல நிக்கறான்டா. அவனாவது பாத்திரம் தேய்ப்பானா?" என்று கேட்டாய். நான்தான் பயந்தேன். பயந்தால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்ட பிறகு, எந்தப் பக்கம் பார்த்தால். தினமும் காலையில் உன் முன்னால் விரலை நீட்டி "இப்ப எத்தனை?" என்றேன். ஒரு நாள் "ஒண்ணு" என்றாய். அன்றைய கட்டத்துக்குப் பச்சை நிறம் அடித்தேன். சாயங்காலம் சொன்னாய், "பொய்தான் சொன்னேன். நீ ஒரு நாளாவது காபிய சூடா குடிப்பியேன்னு."

ஏழு மாதம் அலைந்தோம். எம்.ஆர்.ஐ. நார்மல். ரத்தம் நார்மல். நரம்பு டெஸ்ட் நார்மல். இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் பட்டகம் வைத்த கண்ணாடி இரண்டு நாள் கேட்டது, மூன்றாம் நாள் தலைவலி. காரணம் தெரியவில்லை என்பதையே ஒவ்வொரு டாக்டரும் வேறு வேறு மாதிரி சொன்னார்கள். கடைசியாகப் போன கிளினிக்கில், கண் பரிசோதிக்கும் ஒரு வயதான அம்மா மேஜையில் கிடந்த டேப்பைக் கிழித்து உன் இடது கண்ணாடியில் ஒட்டினார். இது வைத்தியம் இல்லை, ஒரு கண்ணை மறைத்தால் இரண்டாகத் தெரியாது, காரணம் கண்டுபிடிக்கும்வரை இதைப் போட்டுக்கொள் என்றார். அன்று நீ கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினாய். கார் பார்க்கிங்கில் நின்று சிரித்தாய்.

"இது சும்மா ஒட்டுவேலை. நமக்கு ரூட் காஸ் வேணும்" என்றேன்.

"ரூட் காஸ் உனக்கு வேணும். எனக்குப் படி இறங்கணும்."

அதற்கடுத்த மாதம்தான் லிவர்மோரில் என் மேனேஜர் வீட்டுக் கொலு. அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, உன்னைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "உள்ள மட்டும் அத எடுத்துடேன். எல்லாரும் என்ன ஏதுன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லிட்டுப் போறேன்."

"ஒரு மணி நேரம்தானே, ப்ளீஸ்."

நீ கண்ணாடியைக் கழற்றினாய். டேப்பை உரித்து, மூலையை மடித்து, டாஷ்போர்டில் ஒட்டினாய். உள்ளே அந்த வீட்டம்மா குங்குமச் சிமிழை நீட்டியபோது உன் விரல் சிமிழுக்குப் பக்கத்தில் காற்றைத் தொட்டது. "என்ன, புதுப்பொண்ணு மாதிரி வெக்கமா?" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு எடுக்கச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. காலிங் பெல் அடித்தாலே உன் கை கண்ணாடிக்குப் போய்விடும். பார்த்திருக்கிறேன். 'வேண்டாம், இருக்கட்டும்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

தலைக்குள் ஏதோ ஆகி நீ விழுந்தாயா, விழுந்ததால்தான் ஆயிற்றா என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை. ஐந்து வாரமாக முதலாவதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த டேப் துண்டும் எது முதலில் என்று சொல்லாது. கீழே போகுமுன் இதை எடுத்துவிட்டுத்தான் போனாய் என்று மட்டும் சொல்கிறது. யாருக்காக எடுக்கப் பழகினாய் என்று எனக்குத் தெரியும்.

ஆன்ட்டிக்குத் தெரியாது. மௌரி அவென்யூ கடையிலிருந்து உனக்கும் சேர்த்துக் கறிவேப்பிலை வாங்கி வந்து, கீழே நின்று உன்னைக் கூப்பிட்டவர் அவர். தினமும் போன் செய்கிறார். "சாப்பிட்டியா தம்பி?" என்று ஆரம்பித்து அந்த நாளில்தான் வந்து முடிக்கிறார். "டேப் இல்லாம வந்து நின்னாளா, கண்ணு சரியாப்போச்சுன்னு நெனச்சுட்டேன். இல்லேன்னா நானே மேல வந்து குடுத்திருப்பேனே. ஒரு கொத்து கறிவேப்பிலைக்குக் கூப்பிட்டுக் கொன்னுட்டேனே."

"நீங்க என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி" என்கிறேன். அதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் பெரிய மனதோடு மன்னிப்பதாக நினைத்து இன்னும் அழுகிறார். நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

இன்று அவருக்கு உண்மையைச் சொல்லி ஒரு மெசேஜ் அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை அது துக்கம் விசாரித்த எல்லோருக்கும் அனுப்பும் நன்றி போல இருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "இதுக்கும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடேன்" என்றிருப்பாய்.

டேப்பைப் பிய்த்து எறியவில்லை. என் கண்ணாடிக்கூட்டின் உள்மூடியில் ஒட்டிவிட்டேன், நீ மடித்த மூலை மடித்தபடியே. கீழே ஆன்ட்டி வீட்டில் குக்கர் சத்தம் கேட்கிறது. பதினாலு படி. இறங்கிப் போய், எடுக்கச் சொன்னது நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் அதைச் சாக்காக வைத்து எழுந்து வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். போனை அணைத்துவிட்டேன்.