கோட்டுப் போட்ட பொன்னுசாமி

கார்த்திகை 2, செவ்வாய்

மூடுபனி. விடிந்து வெகுநேரம் வரை எதிர் வீடு தெரியவில்லை. எஸ்டேட்டில் பழம் எடுப்பு. மேல்காட்டில் காப்பிப் பழம் நன்றாகச் சிவந்திருக்கிறது, கீழ்க்காட்டில் இன்னும் பச்சை. கணக்கெழுதும் ரைட்டர் இன்று நல்ல குணத்தில். எடை போடும்போது பையை அமுக்கி அமுக்கிப் பார்க்கவில்லை.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, தேங்காய் எண்ணெய், டார்ச்சுக்கு பேட்டரி, இருமலுக்கு ஏதாவது.

சாயங்காலம் போஸ்ட்மேன் தம்பி கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவர் கொடுத்தான். பென்ஷன் ஆபீஸ். மாசாமாசம் வரும் விதவைப் பென்ஷன் இனி கிடையாதாம். அதோடு விட்டார்களா, இத்தனை வருஷம் வாங்கியதை எல்லாம் பதினைந்து நாளில் திருப்பிக் கட்டணுமாம். காரணம், "மனுதாரர் தம் கணவருடன் வசித்து வருவது கள ஆய்வில் தெரியவந்துள்ளது."

இரண்டு தரம் படித்தேன். மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து பொன்னுசாமி போய் எட்டு வருஷம். அவரோடு எங்கே வசிக்கிறேன் என்று எழுதியிருந்தால் நானும் போய்ப் பார்த்திருப்பேன்.

தொகை லட்சத்துக்குப் பக்கம். தோடு, ஆடு, பீரோ எல்லாம் போட்டாலும் கால்வாசி தேறாது. சோறு ஆக்கவில்லை. காலையில் மிஞ்சிய களி.

கார்த்திகை 3, புதன்

தூறல். சட்டை காயவில்லை, ஈரத்தோடே போட்டுக்கொண்டு வேலைக்கு.

யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யார்? பக்கத்து வீட்டு வசந்தாவாகத்தான் இருக்கும். போன மாசம் குழாயடியில் குடத்தை நகர்த்தியதற்கு என்ன பேச்சு பேசினாள். இன்று ஒரே வரிசையில் பழம் எடுத்தோம். "ஏனக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றாள். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். பாசாங்கு எவ்வளவு நன்றாக வருகிறது இவளுக்கு.

ராத்திரி க.வுக்கு போன். (மகள் கவிதா. சேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஆறாம் மாசம்.) சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அழவேண்டிய அழுகை, அவள் அழுகிறாள். "வயித்துப் புள்ளையோட அழாத கண்ணு, வெள்ளிக்கிழமை ஆபீஸ் போயி கேட்டுட்டு வரேன்" என்றேன். மாப்பிள்ளை வாங்கி, "எதுக்கும் கையெழுத்துப் போட்றாதீங்க அத்தை" என்றார். நல்ல பையன். பணம் கட்டுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது பாவம்.

கார்த்திகை 5, வெள்ளி

ஒருநாள் கூலி போச்சு. முதல் பஸ்ஸைப் பிடித்து ஆபீஸ். பதினொன்றரை வரை பெஞ்சில். பக்கத்தில் ஒரு பெரியவர், உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி காட்ட வந்தவர். எனக்கு நேர் எதிர் கேஸ்.

மேடம் சின்ன வயசு. க.வை விட நாலைந்து வருஷம் கூட இருக்கும். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். அதில் நான், ஆதார் கார்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. ஆவணியில் சரிபார்ப்புக்கு வந்த பெண் வீட்டுக்குள் நிற்கவைத்து செல்போனில் எடுத்தது. என் தலைக்குப் பின்னால் சுவரில் க. கல்யாணப் போட்டோ. மாப்பிள்ளை, க., நான், என் பக்கத்தில் கோட்டுப் போட்ட பொன்னுசாமி.

மேடம் பேனாவால் அவரைத் தொட்டு, "இது யாரும்மா?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"அதைத்தான நாங்களும் சொல்றோம்."

அடுத்த மேஜைக்காரர் சிரித்துவிட்டார். எனக்கே வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அவரு போயி எட்டு வருசங்க மேடம். பொண்ணு கல்யாணம் போன வருசங்க."

"போனவரு எப்படிம்மா கல்யாணத்துல நிப்பாரு?"

"ஒண்டிக்கடை பஜார்ல பாய் போட்டோக் கடைங்க. அங்க கம்ப்யூட்டர்ல சேத்துக் குடுத்தாங்க. பொண்ணு ஆசப்பட்டுச்சுங்க."

இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். அதில் பேர் இருக்கிறது, முகம் இல்லை. வோட்டர் கார்டைக் கொடுத்தேன். அதில் முகம் இருக்கிறது, ஆனால் கறுத்து ஒட்டிப்போய் இருக்கிறார். போட்டோவில் பாய் கை வைத்து சிவப்பாக, கன்னம் வைத்து நிற்கிறார். மேடம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இது வேற ஆளுன்னா மறுமணம். இவரேதான்னா உசுரோட இருக்காரு. ரெண்டுல எதுன்னாலும் பென்ஷன் வராதும்மா. போட்டோவுல சேத்ததுதான்னு நிரூபிச்சா பாக்கலாம்."

கோபப்படாமல் நியாயமாகப் பேசுகிறாள். அதுதான் எரிச்சல். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

ஆக, யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. என் வீட்டுச் சுவர்தான் போட்டுக் கொடுத்தது. வரும்போது வசந்தாவுக்கு இரண்டு பட்டர் ஃப்ரூட் வாங்கிவந்து கொடுத்தேன். "என்னக்கா விசேசம்?" என்றாள். சும்மா என்றேன்.

கார்த்திகை 6, சனி

வேலை விட்டதும் அப்படியே ஒண்டிக்கடை பஜார். பஸ்ஸில் சுற்றுலா வந்த கூட்டம், நிற்க இடமில்லை. ஒரு பையன் ஏரி எங்கே என்று என்னைக் கேட்டான், ஏரிக்கு முன்னால் நின்றுகொண்டு.

ஜமால் பாய் கதையைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கக்கா. வேலை சுத்தமா இருக்குன்னு கவர்மெண்டே சொல்லிருச்சேன்னு ஒரு சந்தோசம்."

நல்ல வேளை, ஃபைல் அழியவில்லை. திரையில் போட்டோ வந்தது. கோட்டு யாருடையது என்று இத்தனை நாள் நான் கேட்டதே இல்லை. பாயின் மச்சானுடையதாம், அவர் கல்யாண வரவேற்புக்குத் தைத்தது. உடம்பும் மச்சான்தான். கழுத்துக்கு மேலேதான் என் ஆள். அதனால்தான் அந்தக் கை. மோதிரம் போட்ட, நகம் வெட்டிய கை. அவருக்கு உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, தொட்டால் சொரசொரப்பு.

"இருங்கக்கா, அண்ணனைக் கொஞ்சம் எடுக்கறேன், ஆபீஸ்ல காட்ட அப்படி ஒண்ணு வேணும்."

ஒரு தட்டு. அவர் இல்லை. பின்னால் மண்டபத்துத் திரைச்சீலை, அவ்வளவுதான். நான் மட்டும் ஒரு ஆளுக்கு இடம் விட்டு, தோளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறேன். அன்று கேமராக்காரர் அப்படி நிற்கச் சொன்னார், அப்பாவை அப்புறம் போட்டுக்கலாம் என்று. மறந்தே போயிருந்தது. அன்று மண்டபத்தில் வராத அழுகை பாய் கடையில் வந்துவிட்டது.

பாய் மறுபடி தட்டினார். வந்து நின்றார் கோட்டோடு.

இரண்டிலும் ஒவ்வொரு பிரிண்ட். காசு வேண்டாம் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். திங்கட்கிழமை தானும் ஆபீஸ் வருவதாகச் சொன்னார்.

பேட்டரி வாங்க மறந்துவிட்டேன்.

கார்த்திகை 7, ஞாயிறு

வெயில். போர்வை, சட்டைகள், பழைய சேலை எல்லாம் துவைத்தேன். ஆட்டுக்குக் குளம்பில் புண், வேப்பெண்ணெய் போட்டேன். நான் யாரிடமும் சொல்லாமலேயே எஸ்டேட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. குழாயடியில் ஒருத்தி, "மாமா நல்லாருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நொம்ப நல்லாருக்காரு, கோட்டுதான் கசங்கிப்போச்சு" என்றேன்.

பகலில் சிரிக்கிறேன். படுத்தால் லட்ச ரூபாய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

கார்த்திகை 8, திங்கள்

பாய் கடையை அரைநாள் மூடிவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர். கடை சீல் குத்திய கடிதம் ஒன்றும் எழுதி வந்திருந்தார். மச்சானின் வரவேற்புப் போட்டோவையும் கொண்டுவந்தார், அதே கோட்டு, அதே மோதிரம், அதே கை. மேடம் மூன்று போட்டோவையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். அடுத்த மேஜைக்காரரும் எழுந்து வந்து பார்த்தார். "ஏங்க பாய், எங்க அப்பாவுக்கு இந்த மாதிரி பண்ணித் தருவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மேடம் சிரித்தாள். "சரிம்மா, நம்பறேன்" என்றாள். மூச்சு வந்தது.

"ஆனா ஒண்ணு கேக்கறேன். செத்தவங்க படத்துக்கு ஒரு பொட்டு வெக்கிறதில்லையா? ஒரு மாலை? பொட்டு இருந்திருந்தா வந்த பொண்ணு அன்னைக்கே புரிஞ்சுக்கிட்டிருக்குமே."

பொட்டு வைக்காதது க.வுக்காக. போட்டோ வந்த அன்றே சொல்லிவிட்டாள், "அப்பா நெத்தியில பொட்டு வெச்சா நான் அந்த ஊட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்று. அவளுக்கு உலகத்தில் அந்த ஒரு படத்தில்தான் அப்பா உயிரோடு இருக்கிறார். பாயையும் வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்ல.

மேடம் சொன்னது: புதனன்று ஆர்.ஐ. (ரெவின்யூ இன்ஸ்பெக்டர்) வீட்டுக்கு வந்து புதிதாகப் போட்டோ எடுப்பார். அதில் படம் பொட்டு, மாலையோடு இருக்கணும். அந்த ரிப்போர்ட் வந்தால் பணம் கட்டச் சொன்ன ஆர்டர் ரத்து, பென்ஷனும் திரும்ப வரும். "நாளைக்கு என் சீட்டுல வேற யாராச்சும் வந்து இதே ஃபைலைத் தொறந்தா உங்களைத்தான மறுபடி அலைய விடுவாங்க. உங்க நல்லதுக்குத்தாம்மா."

நல்லதுக்குத்தான், தெரிகிறது.

ராத்திரி க.விடம் சொன்னேன்.

"படத்துக்குப் பொட்டு வெச்சுக்கம்மா. பணத்துக்கு வேற என்ன பண்ணுவ. வெச்சுக்க."

"கண்ணு..."

"ஞாயித்துக்கெழமை வரேன்னு சொல்லியிருந்தனே, வரலம்மா. ஒடம்பு அசதியா இருக்கு."

வைத்துவிட்டாள்.

கார்த்திகை 9, செவ்வாய்

வேலை. பழம் எவ்வளவு எடுத்தேன் என்று நினைவில்லை, ரைட்டர் சொன்னதை வாங்கிக்கொண்டேன்.

மாலை வாங்கக் காசை எண்ணிக்கொண்டிருந்தபோது வசந்தா வந்தாள். "எதுக்குக்கா காசு. எங்க மாமனாரு படத்துல சந்தன மாலை கெடக்குது, ஒரு நாளைக்கு எடுத்துக்கங்க, அவரு ஒண்ணும் கேக்கமாட்டாரு." போன வாரம் இவளையா அப்படி நினைத்தேன்.

மாலையில் தூசி. தட்டி வைத்திருக்கிறேன்.

கார்த்திகை 10, புதன்

பனி லேசாக. ஆறு மணிக்கே எழுந்து வீடு பெருக்கி, சந்தனம் குழைத்து ஸ்டூல் மேல் ஏறினேன். கண்ணாடி மேல்தான் வைக்கிறோம், அவர் மேல் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். சந்தனம், நடுவில் குங்குமம். மாலை. இறங்கி வந்து பார்த்தால் நேற்று வரை என் பக்கத்தில் நின்றவர் ஒரே நிமிஷத்தில் செத்துப்போனார். ஸ்டூலிலேயே கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எட்டு மணிக்கே ஆர்.ஐ. பைக்கில். சின்னப் பையன், சேலத்துக்காரர், குல்லாய் போட்டும் நடுங்குகிறார். வாசலிலேயே நின்றுவிட்டார். கொடியில் நாலு ஆம்பளைச் சட்டை.

"ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்லேன்னு சொன்னாங்க?"

"இல்லீங்க சார்."

"அப்ப இது?"

"என்னுதுங்க. பழம் எடுக்கப் போறப்ப சேலைக்கு மேல போட்டுக்கறதுங்க. செவ்வெறும்பு கடிக்குமுங்க."

நம்பாமல் எழுதப் பேனாவை எடுத்தார். அந்த நேரம் பார்த்து வசந்தா வேலைக்குப் புறப்பட்டு வந்தாள், சேலைக்கு மேலே அவள் வீட்டுக்காரரின் கட்டம் போட்ட சட்டை, முட்டி வரைக்கும். "ஏனுங்க சார், இந்த மலையில எல்லாப் பொம்பளையும் ஆம்பளச் சட்டைதாங்க. எல்லாத்தையும் எழுதறீங்களா?" என்றாள். பேனாவை உள்ளே வைத்துவிட்டார். சட்டை நாலும் பொன்னுசாமியுடையவை. ஆர்.ஐ. கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சுக்குக் காப்பி கொடுத்தேன். படத்துக்குக் கீழே நிற்கச் சொல்லி மூன்று போட்டோ எடுத்தார். "இப்ப கிளியரா இருக்குங்கம்மா. ஆர்டர் ரத்து ஆயிரும், கவலப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பைக் வளைவு திரும்பும் வரை வாசலிலேயே நின்றேன்.

உள்ளே வந்து மாலையைக் கழற்றி வசந்தா வீட்டில் கொடுத்தேன். திரும்பவும் ஸ்டூல் ஏறி முந்தானையை நனைத்துப் பொட்டைத் துடைத்தேன். எட்டு வருஷத்துக்கு முன் என் நெற்றியில் இருந்ததை நாலு பேர் பிடித்துக்கொண்டு துடைத்தார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது நானாகத் துடைத்தது. குங்குமம் சட்டென்று போகவில்லை, இரண்டு மூன்று தரம் தேய்த்தேன்.

பொட்டுத் துடைத்த படத்தை செல்போனில் எடுத்து க.வுக்கு அனுப்பினேன். கண்ணாடியில் என் கையும் விழுந்திருக்கிறது, பரவாயில்லை. கொஞ்சநேரத்தில் அவளே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே வருகிறாளாம், கோழி அடிக்கச் சொன்னாள்.