இடமிருந்து வலம் அவருக்கு

வெள்ளிக்கிழமை, புரட்டாசி

குறுக்கெழுத்தில் இடமிருந்து வலம் அவருக்கு, மேலிருந்து கீழ் எனக்கு. கல்யாணமானதிலிருந்து இதுதான் எங்கள் ஒப்பந்தம். காலையில் நெஞ்சுவலியோடு, என் தம்பி துணையாக, திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஜீப் ஏறும்போதுகூட, "என் கட்டத்துல கை வெக்காத, வந்து போட்டுக்கிறேன்" என்றார் அந்த மனுஷன்.

சாயங்காலம் திரும்பி வந்த ஜீப்காரர், தினமும் கொண்டு வரும் செய்தித்தாளை மட்டும் கொடுத்தார். "இன்னும் டெஸ்ட் எடுக்கறாங்க அக்கா. இன்னான்னு சொல்லல."

தம்பிக்குப் போன் போகவே இல்லை. மனசை அடக்க என் சொற்களைப் போட உட்கார்ந்தேன். விடை சட்டென்று விழுந்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் நான் போடப் போட, என் எழுத்துகளாலேயே குறுக்கே போகும் அவருடைய சொற்களும் தானாக நிரம்பிக்கொண்டு வந்தன. பயந்துவிட்டேன்.

என் கடைசிச் சொல்லும் தெரியும். அதையும் எழுதிவிட்டால், அவர் வந்து போட என்ன இருக்கும்?

பேனாவை மூடிவிட்டேன்.