எரிக்கச் சொன்ன இலைகள்

மார்கழி 21, திங்கள்.

குளத்தூர் செல்வி அக்காவின் தட்டைப்பயறுக் கொல்லையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகள் பழுப்பாக ஊதி, அசையாமல் இலைகளில் ஒட்டியிருந்தன.

"என்ன நோவு தம்பி இது?"

பூஞ்சை என்றேன். பறித்து எரிக்கச் சொன்னேன். லென்ஸ் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை.

"வெவசாயம் படிச்ச புள்ள சொன்னாச் சரிதான். எங்க வீட்டுக்காரருதான் மருந்தடின்னு குதிக்கிறாரு" என்று சிரித்தபடி தீ வைத்தார்.

சட்டையில் ஒட்டி வந்த இலையை வீட்டில் பார்த்தேன். ஊதிய அசுவினியின் முதுகில் வட்டமான ஓட்டை. உள்ளே வளர்ந்து அசுவினியைத் தின்ற மிகச் சிறு குளவி, அதன் வழியே வெளியேறியிருந்தது. எரிக்காமல் விட்டிருந்தால் மற்ற குளவிகளும் அப்படியே வெளியே வந்து, மீதி அசுவினிகளையும் அழித்திருக்கும். பயிரைக் காத்ததை அவர் கையாலேயே எரிக்க வைத்துவிட்டேன்.

சற்றுமுன் போன் செய்தார். "அங்கிட்டு வரப்போரமும் அப்பிடித்தான் கெடக்கு தம்பி. எரிச்சிரவா?"

"வேண்டாம்க்கா."

"சரிங்க தம்பி."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.